எந்தக் காசை வைத்துக்கொள்வது?

போன மாதம் பேங்க் லாக்கரிலிருந்து நாலு தங்கக் காசுகளையும் வீட்டுக்கு எடுத்து வந்தேன். சாப்பாட்டு மேஜையில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து வரிசையாக வைத்தேன். மூன்றை விற்க வேண்டும், ஒன்றை வைத்துக்கொள்ளலாம். இதுதான் வீட்டில் எடுத்த முடிவு. அந்த ஒன்று எது என்று முடிவு செய்யத்தான் பத்து நாள் ஆனது.

விற்பதற்குக் காரணம் எங்கள் மகள். பையனோடு தனியாக இருக்க ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறாள். ஏன் தனியாக என்பதை இங்கே எழுதப்போவதில்லை. முன்பணத்தில் கொஞ்சம் குறைகிறது. அவள் கேட்கவில்லை. கேட்காத பிள்ளைக்குத்தானே முதலில் கொடுக்க வேண்டும்? "லாக்கர்ல தூங்கிட்டு இருக்கிறது எழுந்து வேலை செய்யட்டும். ஒண்ணே ஒண்ணு மட்டும் ஞாபகத்துக்கு வச்சுக்கோங்க" என்றாள் என் மனைவி.

இந்த ஊரில் முப்பது, நாற்பது வருஷமாக இருக்கும் நம்மவர்களில் பலரிடம் இப்படி ஒன்றிரண்டு பழைய அமெரிக்கத் தங்கக் காசு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு வீட்டைச் சுருக்கும்போது எல்லோருக்கும் இதே கேள்வி வரும். அதனால் நான் யோசித்ததை எழுதி வைக்கிறேன். நான் நாணய நிபுணன் இல்லை, கணக்கு எழுதிப் பிழைத்தவன்.

முதலில் எடைக் கணக்கு. 1837-லிருந்து 1933 வரை அமெரிக்கா அடித்த தங்கக் காசுகள் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தங்கம், பத்துப் பங்கு செம்பு. நம் கணக்கில் 21.6 காரட். நகைக் கடையில் சொல்லும் 916-க்கு ஒரு மயிரிழை கீழே. 20 டாலர் காசுக்கு டபுள் ஈகிள் என்று பெயர். எடை 33.436 கிராம், அதாவது நாலு பவுனுக்குச் சற்று மேல். அதில் சுத்தத் தங்கம் 0.9675 அவுன்ஸ். 10 டாலர் காசு ஈகிள், 5 டாலர் ஹாஃப் ஈகிள், இரண்டரை டாலர் குவார்ட்டர் ஈகிள். எல்லாம் அதே விகிதத்தில் பாதி பாதியாகக் குறையும்.

5 டாலர் காசின் எடை 8.359 கிராம். நாம் பவுன் என்றும் சவரன் என்றும் சொல்வது வெள்ளைக்காரனின் சாவரின் காசிலிருந்து வந்த பேச்சு. அந்தக் காசின் எடை 7.988 கிராம், 22 காரட். ஆக அமெரிக்காவின் 5 டாலர் காசு நம் பவுனுக்குப் பெரியப்பா மகன் மாதிரி. கையில் வைத்தால் அளவும் கிட்டத்தட்ட அதேதான்.

இனி என் நாலு காசுகள்.

முதலாவது 1904-ஆம் வருஷத்து 20 டாலர். பிலடெல்பியா அச்சாலையில் அடித்தது. கிரீடம் வைத்த சுதந்திர தேவியின் தலை ஒரு பக்கம், கழுகு மறுபக்கம். இந்தத் தலையைச் செதுக்கியவர் ஜேம்ஸ் லாங்கேக்கர். 1848 ஜனவரியில் கலிபோர்னியாவில் சட்டர் என்பவரின் மர ஆலைப் பக்கம் தங்கம் கண்டார்கள். மூட்டை மூட்டையாகத் தங்கம் வந்து குவிந்ததும் 10 டாலர் காசு போதவில்லை. அதற்காகவே பிறந்தது 20 டாலர் காசு. 1849-ல் மாதிரிக்கு அடித்தது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1850-லிருந்து 1907 வரை புழக்கத்துக்கு அடித்தார்கள். என்னிடம் இருக்கும் 1904 அதில் மிகச் சாதாரணம். அந்த ஒரு வருஷம் பிலடெல்பியாவில் மட்டும் 62 லட்சத்துக்கு மேல் அடித்தார்கள்.

இரண்டாவது 1924-ஆம் வருஷத்து 20 டாலர். இதுதான் எல்லோரும் அழகு என்று சொல்வது. கையில் தீப்பந்தமும் ஆலிவ் கிளையுமாகச் சுதந்திர தேவி நம்மை நோக்கி நடந்து வருகிறாள். பின்னால் சூரியக் கதிர்கள். சுற்றி 48 நட்சத்திரங்கள், அன்றைக்கு அத்தனை மாநிலங்கள். நாட்டுக் காசுகள் பார்க்கச் சகிக்கவில்லை என்று நினைத்த ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், சிற்பி அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸைக் கேட்டு வரையச் சொன்னது. சிற்பி அப்போதே நோயாளி. 1907 ஆகஸ்டில் இறந்துபோனார். தன் காசு மக்கள் கையில் புழங்கியதை அவர் பார்க்கவில்லை. அவர் வடித்தபடி ஆழமாக அடித்தால் ஒரு காசுக்குப் பல முறை அச்சு இறங்க வேண்டியிருந்தது. அதனால் மேடுகளைத் தட்டையாக்கித்தான் லட்சக்கணக்கில் அடித்தார்கள்.

மூன்றாவது 1891-ஆம் வருஷத்து 5 டாலர். கழுகின் கீழே இரண்டு சின்ன எழுத்துகள்: சி.சி. நெவாடா மாநிலத்தில் கார்சன் சிட்டி. பக்கத்தில் காம்ஸ்டாக் சுரங்கங்களில் வெள்ளியும் தங்கமும் வந்ததால் 1870-ல் அங்கே ஒரு அச்சாலை வைத்தார்கள். 1893-ல் காசு அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கட்டடம் இன்று மாநில அருங்காட்சியகம். என் காசு 2,08,000-ல் ஒன்று. அந்த இரண்டு எழுத்துக்காகவே அதே எடையுள்ள மற்ற காசுகளைவிட இதற்கு விலை அதிகம்.

நாலாவது 1909-ஆம் வருஷத்து 5 டாலர். டென்வரில் அடித்தது. இறகுத் தலையணியோடு ஒரு செவ்விந்தியர் முகம். பாஸ்டன் சிற்பி பேலா லயன் பிராட் செய்தது. அவர் செயின்ட் காடன்ஸின் மாணவர். இதில் ஒரு விசேஷம். மற்ற காசுகளில் உருவம் மேடாக இருக்கும். இதில் உருவம் பள்ளம், சுற்றியுள்ள சமதளம்தான் மேடு. அம்மிக்கல்லைக் கொத்தினது போல உள்ளே இறங்கியிருக்கும். 1908-ல் இது வெளிவந்ததும் சாமுவேல் சாப்மன் என்ற பிலடெல்பியா நாணய வியாபாரி ரூஸ்வெல்ட்டுக்குப் புகார்க் கடிதம் எழுதினார். பள்ளத்தில் அழுக்குச் சேரும், கிருமி பரவும் என்பது அவருடைய குறைகளில் ஒன்று. யாரும் கேட்கவில்லை. 1929 வரை அடித்தார்கள்.

சாப்மன் சொன்னது சரி என்று 1994-ல் எங்கள் வீட்டில் நிரூபணமானது.

அதுதான் நான் வாங்கின முதல் காசு. ஒரு சனிக்கிழமை நாணயக் கண்காட்சிக்குச் சும்மா பார்க்கப் போனவன், இருநூறு டாலர் சொச்சம் கொடுத்து வாங்கி வந்தேன். மனைவி வளையலுக்கென்று தனியாக வைத்திருந்த பணம் அது. கேட்காமல் எடுத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. "பவுன்தானே வாங்கியிருக்கீங்க, இருக்கட்டும்" என்றாள்.

அடுத்த வாரம் வரலட்சுமி நோன்பு. ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால் கலசத்துக்கு முன்னால் தட்டில் காசு பளபளவென்று இருக்கிறது. பூஜைக்கு முன்னால் பல்பொடி போட்டு, பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவியிருக்கிறாள். கலசத்துக்குள் போட எடுத்து வைத்திருந்தாள்.

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "இது வெறும் காசு இல்லை, பழம்பொருள்!" என்றேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: "காசுன்னா காசுதானே? அந்த ஆளோட மூக்குப் பள்ளமெல்லாம் கருப்பா அழுக்கு. அதை எப்படி மகாலட்சுமிக்கு வைக்கிறது?"

மூன்று நாள் நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. அவளுடைய பணத்தில், அவளைக் கேட்காமல் வாங்கிய காசுக்காக. இன்று எழுதும்போதுதான் இது எவ்வளவு அபத்தம் என்று தெரிகிறது.

பழைய காசைத் தேய்க்கவே கூடாது. இதை மட்டும் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நகைக்கு மெருகு அழகு, பழைய காசுக்கு மெருகு நஷ்டம். பல்பொடி, புளி, எலுமிச்சை, சோடா மாவு எதுவும் வேண்டாம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் மயிரிழை மயிரிழையாகக் கீறல் தெரியும். இந்த 1909 காசில் சமதளம்தான் உயரம் என்பதால் பிரஷ் முதலில் பட்ட இடமும் அதுதான். பின்னால் ஒருமுறை நாலு காசுகளையும் தரம் பார்க்கும் கம்பெனிக்கு அனுப்பினேன். 1 முதல் 70 வரை மதிப்பெண் போட்டு, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியில் மூடித் தருவார்கள். மற்ற மூன்றும் மதிப்பெண்ணோடு வந்தன. இது மட்டும் மதிப்பெண் இல்லாமல், சுத்தம் செய்யப்பட்டது என்ற முத்திரையோடு வந்தது. ஒழுக்கக் குறைவு என்று போட்ட பள்ளிச் சான்றிதழ் மாதிரி.

சரி, எதை வைத்துக்கொள்வது? கேட்ட இடமெல்லாம் ஒரு பதில்.

கோயில் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு நண்பர், "பெரிசை வை ஐயா, எடைதான் பேசும்" என்றார். 1904-ஐச் சொல்கிறார். இதற்கு என் பதில், எடைக்காகத் தங்கம் வேண்டுமென்றால் பழைய காசு எதற்கு? இன்றைக்கு அடிக்கும் ஒரு அவுன்ஸ் காசு எந்தக் கடையிலும் கிடைக்கும். சாதாரண டபுள் ஈகிளை என்றைக்கு வேண்டுமானாலும் மறுபடி வாங்கலாம். மறுபடி வாங்கக்கூடியதை இப்போது விற்பதில் நஷ்டமில்லை.

இன்னொருவர், "அழகானதை வை" என்றார். 1924. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதுவும் சாதாரணம், அந்த வருஷத்தில் 43 லட்சம் அடித்தது. அதற்குப் பின்னால் உள்ள கதை சுவாரசியமானது. 1933 ஏப்ரல் 5-ஆம் தேதி ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் உத்தரவு போட்டார்: தங்கக் காசு, கட்டி எல்லாவற்றையும் மே 1-க்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும். தவறினால் 10,000 டாலர் வரை அபராதம், பத்து வருஷம் வரை சிறை. ஆளுக்கு 100 டாலர் மதிப்புள்ள காசும், சேகரிப்பவர்கள் வைத்திருக்கும் அபூர்வக் காசும் விலக்கு. அவுன்ஸுக்கு 20.67 டாலர் கொடுத்து வாங்கினார்கள். அடுத்த ஜனவரியில் அரசே விலையை 35 டாலர் ஆக்கிவிட்டது. ஒழுங்காகக் கொண்டுபோய்க் கொடுத்தவன் ஏமாந்தான். வந்த காசையெல்லாம் உருக்கிக் கட்டியாக்கினார்கள். வெளிநாட்டுக் கணக்குத் தீர்க்க ஐரோப்பிய வங்கிகளுக்கு மூட்டையாகப் போயிருந்த காசுகள்தான் பெருமளவில் தப்பின. 1904-உம் 1924-உம் இவ்வளவு புதுசாக இன்று கிடைப்பது அதனால்தான். 1933-ல் அடித்த 4,45,500 டபுள் ஈகிள்கள் மக்கள் கைக்கே போகவில்லை. அதில் தப்பியவற்றில் ஒன்றை மட்டும் தனியார் வைத்துக்கொள்ளலாம் என்று அரசு அனுமதித்தது. அது எகிப்து மன்னர் பாரூக்கிடம் இருந்தது என்கிறார்கள். 2021-ல் அது 1 கோடியே 89 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

இந்தக் கதையைச் சொல்ல எனக்கு 1924 காசு கையில் இருக்க வேண்டியதில்லை. இப்போது அது இல்லாமலே சொல்லிவிட்டேன் பாருங்கள்.

காசுக் கடைக்காரர், "சி.சி. எழுத்தை விடாதீர்கள், அது இன்னும் ஏறும்" என்றார். நல்ல யோசனைதான். ஆனால் யாருக்கு ஏறும்? எனக்கு எழுபத்தாறு. இதன் மதிப்புத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் போன பிறகு என் பிள்ளைகள் இதை எங்கே கொண்டுபோவார்கள்? நான் சோதித்துப் பார்த்துவிட்டேன். முதலில் போன கடையில் நாலு காசையும் ஒரே தராசில் போட்டு, தங்க விலையைப் பெருக்கி, அதிலும் கொஞ்சம் கழித்துச் சொன்னார். சி.சி. என்ற எழுத்தை அவர் பார்க்கவே இல்லை, அல்லது பார்க்காத மாதிரி இருந்தார். மூன்றாவது கடையில்தான் அதற்குத் தனி விலை வந்தது. என் மகள் அந்த முதல் கடையோடு திரும்பியிருப்பாள். விவரம் தெரிந்தவன் உயிரோடு இருக்கும்போது விற்க வேண்டியது முதலில் இதுதான். பிள்ளைகளுக்கு விவரம் தெரியாத சொத்தை வைத்துவிட்டுப் போவது, பூட்டைக் கொடுத்துச் சாவியைக் கொடுக்காத மாதிரி.

மகன் போனில், "எல்லாத்தையும் வித்துடுங்கப்பா, உலோகத்துல என்ன சென்டிமென்ட்" என்றான். அவனுக்கு நாற்பத்திரண்டு. அந்த வயதில் நானும் அப்படித்தான் பேசினேன்.

விற்பதற்கு எதிரான ஒரே நல்ல வாதம் வரிக் கணக்கில் வந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் தங்கக் காசு சேகரிப்புப் பொருள் கணக்கில் வரும். ஒரு வருஷத்துக்கு மேல் வைத்து விற்றாலும் லாபத்தில் 28 சதவீதம் வரை மத்திய அரசு வரி போடலாம். பங்குகளுக்கு உள்ள சலுகை இதற்கு இல்லை. நான் மற்ற மூன்றையும் வாங்கியது 1997-லிருந்து 2002-க்குள். 1999-ல் தங்கம் அவுன்ஸ் 250 டாலர் சொச்சத்துக்கு இறங்கிக் கிடந்தது. ஆகவே லாபம் பெரிசு, வரியும் பெரிசு. நான் விற்காமல் கண்ணை மூடினால், வாரிசுக்கு அன்றைய விலையே வாங்கிய விலையாகக் கணக்காகும், இந்த லாபத்துக்கு வரியே இராது. கணக்குப்பிள்ளை மூளை இதைத்தான் சொன்னது: சும்மா இரு, செத்த பிறகு கொடு.

ராத்திரி மனைவியிடம் சொன்னேன். "அவளுக்கு வீடு இப்ப வேணும். நீங்க எப்பப் போறதா உத்தேசம்?" என்று கேட்டாள்.

அதோடு அந்த வாதம் முடிந்தது. வரி கட்டுவது பணம் சம்பாதித்ததற்கு அடையாளம். உயிரோடு இருக்கும்போது கொடுத்தால் அவள் கதவைத் திறந்து உள்ளே போவதைப் பார்க்கலாம். அதற்கு 28 சதவீதம் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. எல்லோருக்கும் அப்படித் தோன்ற வேண்டும் என்பதில்லை. அவசரம் இல்லாத குடும்பம் என்றால் வைத்திருப்பதே புத்திசாலித்தனம்.

மிஞ்சியது 1909. நான் வைத்துக்கொண்டது அதைத்தான்.

இது வெறும் உணர்ச்சி இல்லை, கணக்கும் இதைத்தான் சொல்கிறது. பல்பொடி பட்ட இந்தக் காசைக் கடையில் கொடுத்தால் தங்க விலைக்கு மேல் ஒன்றும் பெயராது. மற்ற மூன்றின் மதிப்பு மார்க்கெட்டுக்குத் தெரியும், முழுசாகக் கொடுப்பான். இதன் மதிப்பு எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். மார்க்கெட்டுக்குத் தெரிந்ததை மார்க்கெட்டுக்குக் கொடுத்துவிட்டு, நமக்குத் தெரிந்ததை நாம் வைத்துக்கொள்வதுதானே முறை?

1914-ல் ஃபோர்டு கம்பெனி ஒரு நாள் கூலி 5 டாலர் என்று அறிவித்தபோது ஊரே வாய் பிளந்தது. அந்த ஒரு நாள் கூலி இந்த ஒரு காசு. யாரோ ஒருவர் கையில் புழங்கி, 1933-ல் எந்த டப்பாவிலோ ஒளிந்து தப்பி, எங்கள் கலசத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சேகரிப்பவர்கள் கீறல் என்று கழித்த கோடுகள், என் மனைவிக்கு முப்பத்தைந்து வயதில் இருந்த கைவேகம். அது எனக்குக் கீறலாகத் தெரியவில்லை.

உங்கள் வீட்டில் இப்படிக் காசுகள் இருந்தால் நான் சொல்வது இவ்வளவுதான். எதையும் தேய்க்காதீர்கள். குறைந்தது மூன்று கடைகளில் காட்டுங்கள். வருஷம், அச்சாலை எழுத்து, வாங்கிய விலை, ரசீது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பிள்ளைகளுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். விலை உயர்ந்ததை, உங்களுக்கு மட்டும் விவரம் தெரிந்ததை, நீங்களே விற்றுக் கொடுத்துவிடுங்கள். வைத்துக்கொள்வதாக இருந்தால் யாரும் கேட்காமலே பிள்ளைகளுக்குக் கதை சொல்லத் தூண்டும் காசை வையுங்கள். அது விலை குறைந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. அதற்காக யாரும் சண்டை போட மாட்டார்கள்.

பிளாஸ்டிக் பெட்டியை உடைத்துக் காசை வெளியே எடுத்துவிட்டேன். முத்திரை போட்ட பெட்டி இனி எதற்கு? பேரன் உள்ளங்கையில் வைத்து, பள்ளத்தில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தான். "தாத்தா, இதை ஏன் உள்ளே குழியா செஞ்சிருக்காங்க?" என்று கேட்டான். பிராட்டைப் பற்றியும் சாப்மனைப் பற்றியும் சொன்னேன். பல்பொடிக் கதையைப் பாட்டி சொன்னாள். நான் மூன்று நாள் பேசாமல் இருந்ததையும் சேர்த்தே சொன்னாள்.

வளையல் பணத்தை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. மூன்று காசும் விற்ற பணத்தில் ஒரு பங்கை எடுத்து வளையல் வாங்கலாமா என்று கேட்டேன். "இந்த வயசுல எனக்கு வளையல் எதுக்கு, எல்லாத்தையும் அவகிட்டயே குடுங்க" என்றுவிட்டாள். அப்படியே கொடுத்தாயிற்று. இந்த வருஷ நோன்பு மகளின் புது வீட்டில். கலசத்தில் அதே காசுதான். வெறும் தண்ணீரில் நனைத்து மெல்லத் துடைத்தால் போதும் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.